சி மொழியும் நினைவக ஒதுக்கீடும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளி விழா மேடைக்கு வருபவர்கள் கல்வியின் சிறப்பை எடுத்துரைப்பது மரபு. ஆனால் கல்வி சிறந்தது என்று இந்த அவைக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த நம்பிக்கை இல்லாமல் ஒரு கல்விக் கழகம் 25 ஆண்டுகள் நடைபெறாது. ஆகவே, நான் கல்வியைப் பற்றிப் பொதுவாகப் பேசாமல், ஒரு பாடத்தின் ஓர் அத்தியாயத்தைப் பற்றி மட்டும் பேச உங்கள் இசைவை வேண்டுகிறேன்.

கணிப்பொறி நிரல் எழுதப் பயன்படும் சி மொழியில் 'இயங்குநிலை நினைவக ஒதுக்கீடு' என்றொரு பகுதி உண்டு. அளவு முன்கூட்டித் தெரியாத ஒரு பட்டியலுக்கு, நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே நினைவகத்தில் இடம் கேட்டுப் பெறுவதும், வேலை முடிந்தபின் அதைத் திருப்பித் தருவதும் எப்படி என்பதே அதன் பொருள். பி.ஏ., பி.எட். படித்த ஒரு பள்ளித் தலைமையாசிரியர் இதைப் பற்றிப் பேசலாமா என்று நீங்கள் எண்ணக்கூடும். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நம் மாலைநேரப் படிப்பகத்தில் பயின்று, மேல்நிலைத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்று, கணிப்பொறிப் படிப்பில் சேர்ந்த பிள்ளைகள் பொங்கல் விடுமுறையில் என்னைப் பார்க்க வருவதுண்டு. "அணிகள் வரை புரிந்தது ஐயா, மாலாக் வந்தபிறகு ஒன்றும் பிடிபடவில்லை" என்று ஆண்டுதோறும் யாரேனும் ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சிலருக்கு அந்தத் தாள் நிலுவையில் நின்றது. ஓரிருவர் பாடப்பிரிவையே மாற்றிக்கொண்டார்கள். 'இது நமக்கு வராது' என்ற எண்ணம் அவர்கள் மனத்தில் குடியேறத் தொடங்கியதைக் கண்டேன். அந்த எண்ணம் எவ்வளவு பழையது, யார் யாரால் நம்மீது சுமத்தப்பட்டது என்பதை நீங்கள் அறிவீர்கள். எனவே, அவர்கள் கொண்டுவந்த நூல்களை வாங்கி, அவர்களோடு அமர்ந்து நானும் படித்தேன். கூட்டல், பெருக்கல் தெரிந்த எவருக்கும் எட்டாதது அதில் எதுவுமில்லை. வகுப்பில் ஆங்கிலத்தில் விரைந்து சொல்லப்பட்ட பத்துப் பன்னிரண்டு வாக்கியங்கள் தமிழ்வழி படித்து வந்த பிள்ளையின் மனத்தில் பதியாமல் போயிருக்கின்றன. அந்த வாக்கியங்களை இன்று தமிழில் சொல்ல முற்படுகிறேன்.

மொழி பிறந்த வரலாறு

சி மொழியை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி என்பவர் 1972ஆம் ஆண்டளவில் உருவாக்கினார். யூனிக்ஸ் என்னும் இயக்க அமைப்பின் வளர்ச்சியோடு பிணைந்து வளர்ந்த மொழி அது. பிரையன் கெர்னிகனும் ரிட்சியும் இணைந்து 1978இல் வெளியிட்ட நூல் உலகெங்கும் பாடநூலாக விளங்கியது. 1989இல் அமெரிக்கத் தர நிறுவனமும், 1990இல் பன்னாட்டுத் தர நிறுவனமும் இம்மொழிக்கு முறையான இலக்கணம் வகுத்தன. இந்தியக் கல்லூரிகளில் இம்மொழி பரவியதில், அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கிய பேராசிரியர் இ. பாலகுருசாமி எழுதிய நூலுக்குப் பெரும் பங்குண்டு. நான் இப்போது பேசும் பொருளுக்கு அந்நூலிலும் தனி அத்தியாயம் இருக்கிறது.

'இது பழைய மொழியாயிற்றே, இன்று பைத்தான் போதாதா?' என்று மாணவர்கள் கேட்கிறார்கள். 2019ஆம் ஆண்டு முதல் நம் மேல்நிலை இரண்டாம் ஆண்டுக் கணிப்பொறி அறிவியல் பாடநூல் பைத்தானைக் கற்பிப்பது உண்மைதான். ஆனால் பெரும்பாலோர் பயன்படுத்தும் பைத்தான் எதில் எழுதப்பட்டிருக்கிறது? சி மொழியில்! பைத்தானில் ஒரு பட்டியலுக்குள் பெயர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகிறீர்கள். அது தானாக நீள்கிறது. உண்மையில் எதுவும் தானாக நீள்வதில்லை. உள்ளே சி மொழியில் எழுதிய ஒரு பகுதி, இடம் போதாதபோதெல்லாம் கூடுதல் இடம் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறது. அந்த வேலையைத்தான் இந்த அத்தியாயம் உங்கள் கையில் தருகிறது.

நினைவகம் என்பது யாது?

கணிப்பொறியின் நினைவகத்தை எண்ணிட்ட பெட்டிகளின் நீண்ட வரிசையாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு பைட். ஒவ்வொன்றுக்கும் உள்ள எண்ணே அதன் முகவரி. ஒரு முகவரியைத் தனக்குள் வைத்திருக்கும் மாறிக்குச் 'சுட்டு' என்று பெயர். ஒரு துண்டுத்தாளில் வீட்டு எண்ணை எழுதி வைத்திருப்பது போன்றது அது. தாள் வேறு, வீடு வேறு. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒரே வகையான மதிப்புகளை அடுத்தடுத்த பெட்டிகளில் இடைவெளியின்றி வைப்பது அணி. 50 மாணவர்களின் மதிப்பெண்களுக்கு 50 இடம் கொண்ட ஓர் அணியை நிரலிலேயே அறிவித்துவிடலாம். ஆனால் 51ஆம் மாணவர் வந்தால் என்ன ஆகும்? சி மொழி தடுக்காது, எச்சரிக்கவும் செய்யாது. அணியின் எல்லைக்கு அப்பாலுள்ள பெட்டியில் அந்த மதிப்பெண்ணை எழுதிவிடும். அங்கே வேறொரு மாறியின் மதிப்பு இருந்தால் அது அழியும். நிரல் அங்கேயே நின்றுவிடலாம், அல்லது தவறான விடையோடு ஓடிக்கொண்டிருக்கலாம். இரண்டாவதே பெரிய கேடு.

'அப்படியானால் எதற்கும் 10,000 இடம் என்று அறிவித்துவிடலாமே' எனலாம். 30 பேர் மட்டும் வந்தால் எஞ்சிய இடம் வீண். மேலும், ஒரு செயற்கூற்றுக்குள் அறிவிக்கப்படும் அணி, அடுக்கு எனப்படும் சிறிய பகுதியில் அமைகிறது. விண்டோஸ் அமைப்பில் அது வழக்கமாக 1 மெகாபைட். லினக்ஸில் 8 மெகாபைட். பெரிய அணியை அங்கே வைத்தால் நிரல் சரிந்துவிடும். அந்தச் செயற்கூறு முடிந்தவுடன் அணியும் இல்லாமற்போகும். 1999ஆம் ஆண்டின் தர இலக்கணம், ஓடும்போது அளவு தீர்மானிக்கப்படும் அணிகளை மொழிக்குள் கொண்டுவந்தது. ஆயினும் இடம் போதாவிட்டால் அதைத் தெரிவிக்க அந்த முறையில் வழியில்லை. 2011ஆம் ஆண்டின் இலக்கணம் அதைக் கட்டாயமற்றதாக்கிவிட்டது.

இதற்கு நம் ஊரிலேயே எடுத்துக்காட்டு உண்டு. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் எத்தனை பேர் கிரிவலம் வருவார்கள் என்று முன்னதாக யாராலும் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. கார்த்திகை தீபத்திற்கு வரும் கூட்டத்திற்கு ஏற்ற பேருந்து நிலையத்தை ஊருக்குள் நிலையாகக் கட்டி வைத்தால், எஞ்சிய நாளெல்லாம் அது வெறுமையாகக் கிடக்கும். ஆகவே விழா நாட்களில் ஊரைச் சுற்றித் தற்காலிகப் பேருந்து நிலையங்கள் அமைக்கப்படுகின்றன. விழா முடிந்ததும் அந்த நிலம் பழைய பயனுக்குத் திரும்புகிறது. தேவைப்படும்போது எடுத்துக்கொள்வது, முடிந்தபின் விட்டுவிடுவது என்பதே இயங்குநிலை ஒதுக்கீடு. அடுக்குக்குப் புறம்பான பரந்த திடல் ஒன்று நினைவகத்திலும் உண்டு. அதைக் குவியல் என்பர். அங்கே இடம் கேட்கலாம்.

ஒதுக்கீடு என்ற சொல்

'ஒதுக்கீடு' என்றவுடன் அவையில் சிலர் முகத்தில் புன்னகை தோன்றுவதைக் காண்கிறேன். நமக்கு மிகவும் பழகிய சொல் அது. தமிழில் ஒதுக்குதலுக்கு இரு பொருள் உண்டு. விலக்கி வைப்பதும் ஒதுக்குதல். உரியவருக்கென எடுத்து வைப்பதும் ஒதுக்குதல். முதற்பொருளை நம் முன்னோர் ஊர்தோறும் அனுபவித்தார்கள். இரண்டாம் பொருளை அண்ணல் அம்பேத்கர் முதலிய தலைவர்கள் போராடிச் சட்டமாக்கித் தந்தார்கள். கணிப்பொறி நூல்களில் வருவது இந்த இரண்டாம் பொருளே.

இரண்டிற்கும் இன்னோர் ஒப்புமையும் உண்டு. தாழ்த்தப்பட்ட மாணவர்களின் மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டம் 1944இல் தொடங்கியது. திட்டம் இருப்பதாலேயே பணம் வந்து சேர்வதில்லை. விண்ணப்பிக்க வேண்டும், சரியான அளவைக் குறிப்பிட வேண்டும், வழங்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். நினைவகமும் இவ்வாறே. ஆனால் ஒப்புமையை இதற்குமேல் நீட்டுவது பொருந்தாது. பாடத்திற்கு வருவோம்.

நான்கு செயற்கூறுகள்

இந்த வேலைக்கு மொழியின் தர நூலகத்தில் முதன்மையாக நான்கு செயற்கூறுகள் உள்ளன: மாலாக், காலாக், ரியலாக், ஃப்ரீ.

மாலாக் என்பது இடம் கேட்கும் விண்ணப்பம். எத்தனை பைட் வேண்டும் என்று நாம் சொல்ல வேண்டும். இடம் இருந்தால் தொடக்க முகவரியைத் தரும். இல்லையெனில் 'நல்' என்னும் வெற்றுச்சுட்டைத் தரும். திருவிழாத் திடலில் கடை போடுபவருக்கு 'இந்தக் கம்பத்திலிருந்து தொடங்கிக்கொள்' என்று மட்டும் காட்டுவது போன்றது அது. எல்லை எங்கே முடிகிறது என்பதைச் சுட்டு சொல்லாது. அதை நாமே தனியாகக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். மேலும், அங்கே முன்பு இருந்தவர் விட்டுச்சென்ற குப்பை அப்படியே கிடக்கும். எழுதாத பெட்டியைப் படித்தால் பொருளற்ற எண்தான் கிடைக்கும்.

காலாக் என்பதும் இடம் கேட்பதே. எத்தனை உறுப்புகள், ஒவ்வொன்றும் எத்தனை பைட் என்று இரண்டாகப் பிரித்துக் கேட்கும். பெட்டிகளையெல்லாம் சுழியமாக்கித் துடைத்துத் தரும்.

ரியலாக் என்பது பெற்ற இடத்தை விரிவாக்கவோ குறைக்கவோ கேட்பது. பக்கத்து இடம் காலியாக இருந்தால் அங்கேயே நீட்டித் தரக்கூடும். காலியாக இல்லையெனில் வேறு இடத்தில் பெரிய பரப்பைப் பிடித்து, பழைய பொருள்களையெல்லாம் அங்கே படியெடுத்து வைத்து, பழைய இடத்தை விடுவித்து, புதிய முகவரியைத் தரும். கடை இடம்பெயர்ந்தபின் பழைய முகவரித் தாளை வைத்துக்கொண்டு வருபவர் ஏமாந்து நிற்பார் அல்லவா? நிரலில் வேறெங்கேனும் பழைய முகவரியைப் படியெடுத்து வைத்திருந்தால் அவை யாவும் செல்லாதவையாகிவிடும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ரியலாக் கேட்ட இடம் கிடைக்காவிட்டால் வெற்றுச்சுட்டு வரும். ஆனால் பழைய இடம் நம்மிடமே இருக்கும். வந்த விடையை ஆராயாமல் பழைய சுட்டின் மீதே எழுதிவிட்டால், இருந்த இடத்தின் முகவரியும் தொலைந்துவிடும். ஆகவே விடையை முதலில் வேறொரு சுட்டில் வாங்க வேண்டும். கிடைத்தது என்று உறுதி செய்தபின்னரே பழைய சுட்டில் மாற்றி எழுத வேண்டும். நேர்முகத் தேர்வுகளில் கேட்கத் தக்க இடம் இது. மாணவர்கள் குறித்துக்கொள்க.

ஃப்ரீ என்பது திருப்பித் தருதல். மற்ற மூன்றிடமிருந்து பெற்ற அதே தொடக்க முகவரியைக் கொடுக்க வேண்டும். நடுவிலுள்ள முகவரியைக் கொடுக்கக் கூடாது. ஒரே இடத்தை இருமுறை திருப்பித் தரக் கூடாது. திருப்பித் தந்த இடத்தில் மீண்டும் எழுதவோ படிக்கவோ கூடாது. தந்தவுடன் அந்தச் சுட்டை வெற்றாக்கிவிடுவது நல்ல பழக்கம். தராமலே விட்டால் 'நினைவகக் கசிவு' உண்டாகும். ஓரிரு நொடி ஓடி முடியும் நிரலில் அது தெரியாது. நிரல் முடியும்போது இயக்க அமைப்பு இடத்தை மீட்டுக்கொள்ளும். ஆனால் இரவும் பகலும் ஓடும் வங்கி நிரலில் துளித்துளியாகக் கசிந்தால் ஒரு நாள் இடமே இல்லாமல் போகும்.

அளவைக் கணக்கிடும் முறை

எத்தனை பைட் வேண்டும் என்பதை மனக்கணக்காகச் சொல்லலாகாது. நம் கல்லூரி ஆய்வகங்கள் பலவற்றில் நெடுங்காலம் டர்போ சி என்னும் பழைய மென்பொருளே பயன்பட்டது. அதில் ஒரு முழு எண்ணுக்கு 2 பைட். இன்றைய ஜிசிசி போன்ற மென்பொருள்களில் பொதுவாக 4 பைட். ஒன்றில் 100 எண்களுக்கு 200 பைட் போதும். மற்றொன்றில் 400 வேண்டும். ஆகவே 'சைஸ்ஆஃப்' என்னும் செயற்குறியைக் கொண்டு அளவைக் கணிப்பொறியிடமே கேட்டு, அதை எண்ணிக்கையால் பெருக்க வேண்டும்.

பெருக்கலிலும் ஒரு பொறி உண்டு. டர்போ சியில் மாலாக் ஏற்கும் பேரளவு 65,535 பைட். 40,000 முழு எண்களுக்கு இடம் கேட்டால் 80,000 பைட் ஆகிறது. அந்த அளவு 16 பிட்டுகளுக்குள் அடங்காது. 65,536 கழிந்து 14,464 மட்டுமே விண்ணப்பத்தில் எஞ்சும். மாலாக் அதைத் தந்துவிடும்; வெற்றுச்சுட்டு வராது. நாமோ 80,000 கிடைத்ததாக எண்ணி எழுதத் தொடங்குவோம். இன்றைய கணிப்பொறிகளில் எல்லை மிகப் பெரியதாயினும் பொறி அதுவே. இன்றைய நூலகங்களில் காலாக் இந்தப் பெருக்கல் மீறலைக் கண்டு வெற்றுச்சுட்டைத் திருப்பும் என்பது அதன் தனிப் பயன்.

எழுத்துச் சரங்களுக்கும் இது பொருந்தும். சரத்தின் இறுதியைக் காட்ட ஒரு சுழியப் பைட் வேண்டும். எனவே நீளத்தோடு ஒன்று கூட்டியே கேட்க வேண்டும். 'அம்மா' என்ற சொல்லுக்கு எத்தனை பைட் என்று நம் படிப்பகத்தில் கேட்டேன். எழுத்து மூன்று, இறுதிக்கு ஒன்று, ஆக நான்கு என்றார்கள். யூடிஎஃப்-8 முறையில் அச்சொல் அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறிகளாகப் பதிகிறது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ஆக 15, இறுதிச் சுழியத்தோடு 16. தமிழில் நிரல் செய்ய விரும்பும் பிள்ளை இந்தக் கணக்கை அறிந்தே ஆக வேண்டும்.

வளரும் அணி

இனி, நம் படிப்பகத்தின் வருகைப் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று தெரியாது. மூன்று செய்திகளைக் கையில் வைத்துக்கொள்க: தொடக்க முகவரி, இதுவரை வந்தவர் எண்ணிக்கை, பெற்றுள்ள இடத்தின் கொள்ளளவு. முதலில் 4 பேருக்கு இடம் கேட்கிறோம். நால்வர் வந்துவிட்டனர், எண்ணிக்கை 4, கொள்ளளவு 4. ஐந்தாமவர் வாயிலில் நிற்கிறார். அவரை எழுதுவதற்கு முன் எண்ணிக்கையும் கொள்ளளவும் சமமா என்று பார்க்கிறோம். சமம், ஆகவே ரியலாக் மூலம் 8 பேருக்கு இடம் கேட்கிறோம். கிடைத்ததா என்று பார்க்கிறோம். கிடைத்தபின் கொள்ளளவை 8 என்று திருத்திவிட்டு ஐந்தாமவரை எழுதுகிறோம். ஒன்பதாமவர் வரும்போது 16. பதினேழாமவர் வரும்போது 32.

ஏன் இரட்டிப்பாக்க வேண்டும்? ஒவ்வொருவர் வரும்போதும் ஓரிடம் மட்டும் கூட்டினால் ஆகாதா? கணக்கிட்டுப் பாருங்கள். ஓர் இடத்தில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் பட்டியல் முழுவதும் இடம்பெயர நேர்ந்தால், 1,000 பெயர் எழுதி முடிப்பதற்குள் 1 முதல் 999 வரையிலான எண்களின் கூட்டுத்தொகை அளவுக்குப் படியெடுக்க வேண்டும். அது 4,99,500. இரட்டிப்பாக்கினால் 1, 2, 4 எனத் தொடங்கி 512 வரை கூட்டினால் போதும். அது 1,023. வேலை ஏறத்தாழ 500இல் ஒரு பங்காகக் குறைகிறது. சி பிளஸ் பிளஸ் மொழியின் வெக்டார், ஜாவாவின் அரேலிஸ்ட், பைத்தானின் பட்டியல் ஆகிய எல்லாமே, பெருக்கும் விகிதத்தில் வேறுபட்டாலும், தேவைக்குச் சற்று மேலாகவே இடம் பிடித்து வைக்கும் இந்த வழியைத்தான் பின்பற்றுகின்றன. பத்தாம் வகுப்புக் கூட்டுத்தொடர் தெரிந்த பிள்ளை இதைத் தானே நிறுவிவிட முடியும்.

கவனக்குறைவின் விலை

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்கலாம். 1988 நவம்பரில் மோரிஸ் புழு எனப்பட்ட நிரல் ஒன்று இணையத்தில் பரவி ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளை முடக்கியது. அது நுழைந்த வழிகளுள் ஒன்று, உள்ளே வரும் எழுத்துகளின் நீளத்தைச் சரிபார்க்காத ஒரு சி நிரல். அங்கே பயன்பட்டிருந்த 'கெட்ஸ்' என்னும் செயற்கூற்றை 2011ஆம் ஆண்டின் தர இலக்கணம் மொழியிலிருந்தே நீக்கிவிட்டது. 2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்ற குறை வெளிப்பட்டது. இணையப் பரிமாற்றத்தைக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மென்பொருள், எதிர்முனை சொன்ன நீளத்தை அப்படியே நம்பி, ஒரு வேண்டுகோளுக்கு ஏறத்தாழ 64 கிலோபைட் வரை தன் நினைவகத்திலிருந்து அனுப்பிவிடக் கூடியதாக இருந்தது. அதில் கடவுச்சொற்களும் கலந்திருக்கலாம். தன் மென்பொருள்களில் ஆண்டுதோறும் திருத்தப்படும் பாதுகாப்புக் குறைகளில் 100க்கு ஏறத்தாழ 70 நினைவகத்தைத் தவறாகக் கையாள்வதால் வருபவை என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2019இல் தெரிவித்தது.

எண்ணிப் பாருங்கள். அக்குறைகளை எழுதியவர்கள் தேர்ந்த நிரலாளர்கள். அவர்களுக்கே வழுக்கும் இடம் இது. முதல் தலைமுறையாகக் கல்லூரி வாயிலை மிதித்த ஒரு பிள்ளை இங்கே தடுமாறினால் அதற்காக வெட்கப்பட என்ன இருக்கிறது? வழுக்கும் இடம் என்று சொல்லிக்கொடுத்து, ஊன்றுகோலைக் கையில் தருவது மூத்தோர் கடமை.

எவ்வாறு பயில்வது?

வீட்டில் கணிப்பொறி இல்லை என்பது தடையன்று. இந்த அத்தியாயத்தை முதலில் தாளிலும் பென்சிலிலும்தான் படிக்க வேண்டும். கட்டம் போட்ட கணக்குக் குறிப்பேட்டில் பெட்டிகளை வரைந்து, 1000, 1004, 1008 என்று முகவரி எழுதுங்கள். சுட்டைத் தனிப் பெட்டியாக வரைந்து அம்புக்குறியிடுங்கள். ரியலாக் வரும் வரியில் அணியை வேறிடத்தில் வரைந்து, பழையதை அடித்துவிட்டு, அம்பை மாற்றுங்கள். ஃப்ரீ வரும் வரியில் பெட்டிகளை அழித்துவிடுங்கள். அழித்த பெட்டியை நோக்கி இன்னும் ஓர் அம்பு நின்றால் அங்கே பிழை. அம்பு எதுவும் சுட்டாத பெட்டி நின்றால் அங்கே கசிவு. படிப்பகத்தில் ஒரு மாதம் இப்படிப் பழகியவர்கள், முன்பு மருண்டு நின்ற வரிகளை உரக்கப் படித்து விளக்கியதை நான் நேரில் கண்டேன்.

ஒவ்வொரு நிரலின் ஓரத்திலும் நான்கு வினாக்களை எழுதி விடை காணுங்கள். எத்தனை பைட் கேட்டேன்? கிடைத்ததா என்று பார்த்தேனா? எங்கே முடிகிறது என்று குறித்தேனா? திருப்பித் தருவது எந்த வரியில்? நான்கிற்கும் விடை இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை.

பிறகு கணிப்பொறிக்குச் செல்லுங்கள். 2011ஆம் ஆண்டு தொடங்கிய அரசுத் திட்டத்தில் வழங்கப்பட்ட மடிக்கணினிகள் நம் தெருக்களில் சில வீடுகளில் ஓய்ந்து கிடக்கின்றன. பழையதாயினும் இப்பாடத்திற்கு அவை போதும். ஜிசிசி விலையின்றிக் கிடைக்கிறது. லினக்ஸில் வால்கிரிண்ட் என்னும் கருவியும் விலையின்றிக் கிடைக்கிறது. எத்தனை பைட் திருப்பித் தரப்படவில்லை, எந்த வரியில் எல்லை மீறப்பட்டது என்று அது சொல்லிவிடும். கண்டிப்பான ஆசிரியர் ஒருவர் அருகில் அமர்ந்திருப்பதற்கு ஒப்பாகும்.

கழகத்தாருக்கு ஒரு வேண்டுகோள்

பெரியோர்களே! இந்த 25 ஆண்டுகளில் நாம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தோம்; இடைநின்றவர்களை மீட்டோம்; பொதுத்தேர்வில் தேர்ச்சி பெறச் செய்தோம்; கல்லூரி வாயில் வரை கொண்டுபோய் விட்டோம். வாயிலுக்கு உள்ளே நடப்பதைப் பிள்ளைகளின் பொறுப்பில் விட்டுவிட்டோம். இடம் பெற்றுக் கொடுத்தால் போதும் என்று எண்ணினோம். உள்ளே, ஒரு பாடத்தின் ஓர் அத்தியாயத்தில், கேள்வி கேட்கக் கூசி, கடைசி வரிசையில் அமைதியாக அமர்ந்திருக்கும் பிள்ளையை நாம் பார்க்கவில்லை. அங்கே நின்றுபோகும் படிப்பும் இடைநிற்றல்தான். அது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை, அவ்வளவே வேறுபாடு.

எனவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். நம்மில் படித்து, சென்னையிலும் பெங்களூரிலும் மென்பொருள் பணியில் இருக்கும் தம்பி தங்கையர், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்திற்கு வந்து இரண்டு மணி நேரம் தமிழில் பாடம் நடத்த வேண்டும். ஓய்ந்து கிடக்கும் மடிக்கணினிகளை உறுப்பினர்கள் படிப்பகத்திற்குத் தர வேண்டும். பழுது பார்க்கும் செலவைக் கழகம் ஏற்க வேண்டும். மூன்றாவதாக, கல்லூரியில் பயிலும் பிள்ளைகள், தாங்கள் தடுமாறிய பாடம் எது என்பதை ஒளிக்காமல் வந்து சொல்ல வேண்டும். சொன்னால் அதற்கு ஆள் தேடுவது எங்கள் பொறுப்பு.

மாணவச் செல்வங்களே, கணிப்பொறிக்கு உங்கள் தெருப் பெயர் தெரியாது. உங்கள் தந்தையின் தொழில் தெரியாது. நீங்கள் கேட்ட அளவு சரியா, எல்லைக்குள் எழுதினீர்களா என்பது மட்டுமே அதற்குத் தெரியும். அது யாருக்கும் சலுகை காட்டுவதில்லை. யாரையும் வெளியே நிறுத்துவதும் இல்லை. வேலைக்கு எடுக்கும் இடங்களில் மனிதர்கள் இருக்கிறார்கள். அங்கே எல்லாம் நேராக இருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பிழையின்றி ஓடும் நிரல் ஒன்று உங்கள் கையில் இருக்கும்போது அந்த மனிதர்களின் முன்னே நிமிர்ந்து உட்கார முடியும். நாளை நீங்கள் எழுதும் நிரலில், பட்டியலின் அளவைத் தீர்மானிப்பவர்களும் நீங்களே. எத்தனை பேர் வந்தாலும் இடம் பெருக்கிக்கொடுக்கும் நிரலாக அது இருக்கட்டும்.